தள்ளி நின்ற பைல்கள்

முன்பொரு சமயம், கடலோர ஊர் ஒன்றில் புயல் காப்பகம் கட்டத் தொடங்கினார்கள். தோண்டிய இடமெல்லாம் களிமண். அதனால் ஒவ்வொரு தூணுக்கும் அடியில் ஒன்பது கான்கிரீட் பைல்களை, அதாவது மண்ணுக்குள் நிற்கும் நீண்ட கம்பங்களை, ஆழமாக இறக்கி, அவற்றின் தலைகளை மேலே ஒரே கான்கிரீட் கட்டையால் சேர்ப்பதாக ஏற்பாடு.

முதல் பைல் மட்டும் இறங்கியிருந்தது. அதன்மேல் மணல் மூட்டைகளை ஏற்றிச் சோதித்தார்கள். அது அசையவில்லை.

"இதே மாதிரி ஒன்பது போட்டா ஒன்பது மடங்கு தாங்கும், மேடம்," என்றார் ஒப்பந்தக்காரர் துரைப்பாண்டி. பொறியாளர் ரெஜினா தலையாட்டவில்லை.

பைலுக்குப் பெருமை தாங்கவில்லை. தன்னைச் சுற்றி நெருக்கமாகப் போட்டிருந்த சுண்ணாம்புக் குறிகளைப் பார்த்து, "எட்டுப் பேரும் என்னை ஒட்டியே வரப்போகிறார்கள். பேச்சுத் துணைக்குக் குறைவில்லை," என்றது.

"உன்னைப் பிடித்துக்கொண்டிருப்பது யார்?" என்று கேட்டது களிமண்.

"நீதான், அக்கா."

"உனக்காகச் சுற்றிலும் வெகுதூரம் இறுகி நிற்கிறேன். அவர்களும் இங்கேயே வந்தால் இதே மண்ணைத்தான் பங்கு போட வேண்டும். ஒரு போர்வைக்குள் ஒன்பது பேர் படுத்த கதைதான்."

"அப்படியானால் எங்கள் பலம்?"

"ஆறு பேர் பலம் தேறினால் பெரிது. பாரம் ஏறினால் கட்டடம் இறங்கிவிடும்."

மேலே இருப்பவர்களிடம் சொல்லப் பைலுக்கு வழியில்லை. மறுநாள் துளை போடும் இயந்திரமும் வந்து நின்றது.

அப்போது ரெஜினா வேகமாக வந்தாள். "நிறுத்துங்கண்ணே. கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். இந்த நெருக்கத்துல ஒன்பதும் சேர்ந்து ஆறு பைல் வேலைதான் செய்யும். தள்ளித் தள்ளிப் போடணும்."

"மேல வர்ற கட்டை பெருசாயிடுமே, மேடம். கான்கிரீட் கூடும்."

"கூடட்டும். புயல் அன்னைக்கு ஊரே இதுக்குள்ளதான இருக்கும்."

துரைப்பாண்டி கரையோரத்து வீடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குறிகளைத் தன் காலாலேயே அழித்தார். பைலுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

கட்டடம் எழுந்தது. ஐப்பசியில் புயலும் வந்தது. ஆடுகளோடும் பாத்திரங்களோடும் ஊர் ஜனம் முழுவதும் உள்ளே ஏறியது. காற்று சுவர்களை அறைந்தது.

"கனமாக இருக்கிறதா?" என்று கேட்டது களிமண்.

"இருக்கிறது. ஆனால் என் பங்குக்குமேல் எதுவும் வரவில்லை, அக்கா," என்றது பைல்.