பூபதிராயர் குடிக்காத பாயசம்

கருங்குன்றத்தை ஆண்ட பூபதிராயர் நல்ல மன்னர்தான். ரோஷம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. ஒருநாள் காலையில் அவருக்கு நேரம் சரியில்லை. தலைப்பாகை கோணலாக இருப்பதாக அரசி சொன்னார். குதிரை இளைத்துவிட்டதாக லாயக்காரன் சொன்னான். முந்தின நாள் கொடுத்த தீர்ப்பில் ஒரு ஓட்டை இருப்பதாக மந்திரி சொன்னார். மூன்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட மன்னர், நாலாவதாக ஏரி மடைக்காரர் மாசாணம் வந்து நின்றதும் வெடித்துவிட்டார்.

மாசாணம் சொன்னது இவ்வளவுதான். "மகாராசா, புதுக் கரையில தண்ணி கசியுது. உடனே மடையத் தொறந்து ஏரியக் கொஞ்சம் வடிக்கணும். உங்க உத்தரவு வேணும்."

புதுக் கரை என்பது கோடை முழுக்க மன்னரே பக்கத்தில் நின்று போடவைத்த கரை. முதல் கூடை மண்ணைத் தலையில் சுமந்து கொட்டியவரும் அவரே. பெய்த மழையில் ஏரி நிரம்பிவிட்டதைக் கொண்டாட மறுநாள் விருந்து வேறு வைத்திருந்தார்.

"என் கரை கசிகிறதா? ஆளாளுக்குப் புத்தி சொல்லக் கிளம்பிவிட்டீர்களா? இந்த நாட்டை ஆளுவது நானா, நீங்களா?" மன்னர் எழுந்துவிட்டார். "இன்று முதல் என்னையும் என்னைச் சேர்ந்த எதையும் யாரும் குறை சொல்லக் கூடாது. கேட்டால் 'அருமை, மன்னா' என்று சொல்ல வேண்டும். மீறுகிறவன் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போக வேண்டும். முதல் ஆள் இந்த மாசாணம். நாளை மாலை எல்லையைத் தாண்டட்டும். அதுவரை சிறையில் கிடக்கட்டும்!"

மாசாணத்துக்கு ஐந்து பிள்ளைகள். "நான் எங்க வேணும்னாலும் போறேன் மகாராசா, மடைய மட்டும் தொறக்கச் சொல்லுங்க!" என்று அவர் கத்தக் கத்த இழுத்துக்கொண்டு போனார்கள். பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் சபையில் ஒருவரும் தலை நிமிரவில்லை.

மன்னருக்கு யோசனை சொல்வதும் சிரிப்பு மூட்டுவதுமாகக் காலம் தள்ளும் பிச்சாண்டி மட்டும் கையைத் தூக்கினார்.

"ஒரு சின்னச் சந்தேகம், மன்னா. இந்த ஆணையிலிருந்து யாருக்காவது விலக்கு உண்டா?"

"ஒருவருக்கும் கிடையாது!"

"அருமை, மன்னா" என்று சொல்லிவிட்டுப் பிச்சாண்டி உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் மதியம் விருந்து களைகட்டியது. மன்னர் வாயில் எது போவதானாலும் அதைத் தொந்தியப்பர் முதலில் தின்று பார்க்க வேண்டும். விஷமோ, கெட்டுப்போனதோ இருந்தால் சொல்ல வேண்டும். அதுதான் அவருடைய உத்தியோகம். இருபது வருஷமாகச் சாப்பிட்டே சம்பாதித்தவர், கொடுத்துவைத்த மனிதர்!

சோறு வந்தது. "அருமை, மன்னா." குழம்பு வந்தது. "அருமை, மன்னா." மன்னருக்கு ஏகப்பட்ட குஷி. கடைசியில் பால் பாயசம் வந்தது. தொந்தியப்பர் ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலாகிவிட்டது.

"என்னய்யா?" என்றார் மன்னர்.

"அருமை, மன்னா."

மன்னர் கிண்ணத்தை எடுத்தார். தொந்தியப்பர் செம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மன்னரின் கை பாதியில் நின்றது.

"உண்மையைச் சொல்லும். இதில் என்ன இருக்கிறது?"

"அருமை, மன்னா."

"விஷமா?"

"அ... அருமை, மன்னா!"

மன்னருக்கு வியர்த்துவிட்டது. கிண்ணத்தைக் கீழே வைத்தார். "பிச்சாண்டி! இந்த ஆளுக்கு என்ன வந்தது?"

"உங்கள் ஆணைக்குக் கட்டுப்படுகிறார், மன்னா. இது உங்கள் பாயசம் அல்லவா? குறை சொன்னால் நாளைக்கே மூட்டை கட்ட வேண்டுமே!"

"ஆணை கிடக்கிறது! சொல்லித் தொலையும், ஐயா!"

"உப்பு, மன்னா!" என்று அலறினார் தொந்தியப்பர். "சர்க்கரைக்குப் பதிலா உப்ப அள்ளிக் கொட்டியிருக்காங்க!"

மன்னருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "சரி, இனிமேல் தொந்தியப்பருக்கு மட்டும் விலக்கு" என்றார்.

பிச்சாண்டியின் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. "ஒரு கிண்ணம் பாயசத்துக்கே உண்மை சொல்ல ஆள் வேண்டியிருக்கிறது, மன்னா. ஏரிக்கு வேண்டாமா? தொந்தியப்பர் பார்க்கிற வேலையைத்தான் மாசாணமும் பார்த்தார். அந்தக் கரைக்குக் கீழே ஏழு ஊர் இருக்கிறது."

மன்னர் விருந்தைப் பாதியில் விட்டுவிட்டுக் குதிரை ஏறினார். மாசாணத்தைச் சிறையிலிருந்து நேரே ஏரிக்குக் கூட்டிவந்தார்கள்.

கரையின் அடியில் கட்டைவிரல் பருமனில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மாசாணம் அதைக் கையில் பிடித்துக் காட்டினார்.

"தெளிஞ்ச தண்ணி கசிஞ்சா பயமில்ல, மகாராசா. இது செம்மண்ணாக் கலங்கி வருது பாருங்க. கரை உள்ளுக்குள்ளேயே கரையுது." சொல்லிக்கொண்டே வந்தவர் திடுக்கிட்டார். "ஐயோ, அந்த எடத்துல நிக்காதீங்க! இந்தப் பக்கம் வாங்க!"

காவலர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மன்னர் நிற்கிற இடத்தையே குறை சொல்கிறானே! மன்னர் சட்டென்று நகர்ந்தார். அவர் நின்ற இடத்து மண் ஒரு வண்டி அளவுக்குச் சரிந்து விழுந்தது.

உடனே மடையைத் திறந்தார்கள். நாலு ஊர் ஆட்கள் கூடையோடு ஓடிவந்தார்கள். சாயங்காலத்துக்குள் கரை பிழைத்துக்கொண்டது. மன்னர் மாசாணத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பு என்னுடையது" என்று எல்லோர் காதிலும் விழும்படிச் சொன்னார். தன் முத்துமாலையைக் கழற்றி அவருக்குப் போட்டார். பிறகு பிச்சாண்டியிடம் திரும்பினார்.

"என் ஆணை அசட்டுத்தனம் என்று உமக்கு நேற்றே தெரியும். அப்போதே ஏன் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் நானும் சிறையில் அல்லவா இருந்திருப்பேன், மன்னா? அப்புறம் பாயசத்தில் உப்பைப் போடுவது யார்?"

மன்னர் ஒரு கணம் விழித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்போடு சிரிப்பாகப் பிச்சாண்டி கையை நீட்டினார். "எனக்குப் பரிசு, மன்னா?"

"இல்லாமலா? அரை அண்டா பாயசம் அப்படியே இருக்கிறது. சொட்டு விடாமல் குடித்துவிட்டு, எப்படி இருந்தது என்று ஒளிக்காமல் சொல்லும்!"