தேங்காயின் இளகிய கண்

அந்தக் காலத்தில், எறும்பும் தேங்காயும்கூடப் பேசிக்கொண்டபோது, உலகத்தில் தென்னை மரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கடலோர மணலில் தனியாக நின்றது. அதன் காய்களுக்கு மூன்று கண்ணும் கருங்கல்லாக இறுகியிருந்ததால் விழுந்த காய் எதுவும் முளைத்ததில்லை. கிடந்து கிடந்து வற்றிப்போகும்.

அப்படிக் கிடந்த ஒரு காயைக் கல்நெஞ்சுக்காரன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். மூக்காயி என்ற சிற்றெறும்பு மட்டும் போகும்போதும் வரும்போதும் அதன்மேல் ஏறி நின்று, நண்டு வீட்டுச் சண்டையெல்லாம் சொல்லிவிட்டுப் போவாள். அவள் வரத் தாமதமானால் காய்க்கு இருப்புக்கொள்ளாது. ஏன் என்று அதற்கே விளங்கவில்லை.

மழை பொய்த்த வருஷம் மூக்காயி வம்பு எதுவும் பேசாமல் வந்து நின்றாள். பிள்ளைகள் தண்ணீரில்லாமல் துவண்டு கிடக்கின்றன, ஒரு சொட்டுக் கிடைத்தால் போதும் என்றாள்.

காய் கொடுக்க நினைத்தது. மூத்த கண் தடுத்தது. "தண்ணி குறைஞ்சா உள்ள குலுங்கும். குலுங்குனா எலிக்குக் கேக்கும். அப்புறம் பருப்பு மிஞ்சாது."

நடுக்கண்ணும் அதையே சொன்னது. கடைக்குட்டிக் கண் மட்டும் மூக்காயியையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க இளகி, வெறும் தோலாகிவிட்டது. மூக்காயி மெல்லக் கடித்தாள். நீர் கசிந்தது. பிள்ளைகள் பிழைத்துக்கொண்டன.

காய்க்குத்தான் நிம்மதி போயிற்று. காற்றடித்தால்கூட எலியோ என்று நடுங்கியது. எலியும் வந்தது. உருட்டிப் பார்த்தது, உள்ளே களக்கென்றது. மூத்த கண்ணில் பல்லை வைத்தது, வழுக்கியது. நடுக்கண்ணைக் கடித்தது, பல்தான் கூசியது. மிச்சம் ஒரு கண். எலியின் மீசை அதில் உரசியது.

"இந்தக் கல்லாவது, யாருக்காவது இளகுறதாவது" என்று முணுமுணுத்துவிட்டு எலி போய்விட்டது.

மழை பெய்த பிறகும் பயம் தீரவில்லை. இளகிய கண்ணுக்குள் ஏதோ முட்டியது. அழுகல்தான் என்று முடிவு கட்டி, காய் மூக்காயியைக் கூப்பிட்டது. அவள் ஏறிப் பார்த்தாள்.

"என்ன புள்ள, புழுவா?"

"இல்லண்ணே. பச்சையா என்னமோ எட்டிப் பாக்குது."

தேங்காய்க்கு இரண்டு கண் இறுகியும் ஒன்று இளகியும் இருப்பது அன்று முதல்தான். இத்தனை தென்னையும் அந்த ஒரு கண் வழியாக வந்தவை.