சுருள் சுருளாய் உதிர்ந்த வீடு

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், மரங்களெல்லாம் வெட்ட வருகிறவனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுச் சாய்ந்த காலத்தில், மருதங்கோட்டை என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. பாதியில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள். இந்தக் கதையைப் பாதியில் விட்டுப் போனால் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

அந்த ராஜ்ஜியத்தில், ஆற்றங்கரையில், சடையன் என்று ஒரு பரிசல்காரன். அவன் பெண்சாதி வேலம்மை. அவர்களுக்கு ஒரே மகள், எட்டு வயதுத் தவமணி. வீடு சின்னது. பழையது. ஆனாலும் புருசனும் பெண்சாதியுமாய்த் தாங்களே எல்லாம் பார்த்துக்கொள்வார்கள். ஓடு உடைந்தால் சடையன் ஏறி மாற்றுவான். சுவர் கறுத்தால் வேலம்மை சுண்ணாம்பு கரைப்பாள். தவமணி கீழ்ச்சுவருக்குப் பூசுகிறேன் என்று தன் காலுக்குப் பூசிக்கொள்வாள்.

ஒருநாள் சடையனின் அக்கா காத்தாயி வந்தாள். புதுசாக மாடி வீடு கட்டியவள். விசிப்பலகையில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"உட்காருங்க மதினி."

"எங்கே உட்கார? நடுவிலே குளம் வெட்டி வச்சிருக்கான் என் தம்பி. உட்கார்ந்து உட்கார்ந்தே மரத்தைத் தின்னுட்டான். இந்த அரிவாள்மணை என்ன, யானை மிதிச்சதா? வாசல் நிலையிலே இதென்ன, எலி கடிச்ச மாதிரி?"

"அது எலி இல்ல மதினி. வருசாவருசம் பொங்கலுக்குத் தவமணியை நிக்க வச்சு, உசரத்துக்கு உங்க தம்பி வெட்டுற கோடு."

"வீட்டுக்குள்ள வர்றவங்க முதல்ல பார்க்கிறது நிலையைத்தான். அதைப் போய் இப்படிக் கொத்தி வச்சா லட்சுமி வருவாளா? உனக்கென்ன, உனக்கு வாய்ச்சது இதுதான்னு இருந்துட்டே."

காத்தாயி போய்விட்டாள். அவள் சொன்னது போகவில்லை. வேலம்மை எதைப் பார்த்தாலும் பழசாகத் தெரிந்தது. பலகை பழசு. மணை பழசு. நிலை பழசு. மறுநாள் சடையன் ஆற்றுக்குப் போனதும் ஓட்டாஞ்சில்லை எடுத்துப் பலகையைச் சுரண்டினாள். நகம் உடைந்ததுதான் மிச்சம். மரத்தில் ஒரு வெளுப்புக்கூட வரவில்லை.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. நெட்டையான ஒரு ஆள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. தாடி மட்டும் தொப்புள்வரை. கையில் மரம் சீவுகிற ஒரு இழைப்புளி. அவன் மந்திரவாதி என்று நமக்குத் தெரிகிறது. வேலம்மைக்குத் தெரியவில்லை.

"தாயே, சில்லால் சுரண்டினால் எந்தக் காலத்தில் முடிப்பாய்? இதை வைத்துக்கொள். எதை இழைத்தாலும் இன்று பிறந்தது போலப் புதுசாகும்."

"கூலி என்ன கேப்பீங்க?"

"கூலி வேண்டாம். விழுகிற சுருள் போதும். மூன்று நாள் கழித்து வருகிறேன். ஒரு சுருள்கூட மிச்சம் வைக்காமல் கோணியில் கட்டி வை."

வெறும் குப்பையைத்தானே கேட்கிறான் என்று வேலம்மைக்குச் சிரிப்பு வந்தது.

முதல் நாள் விசிப்பலகையை இழைத்தாள்.

சர்ர் சர்ர், பழசே போ!
சர்ர் சர்ர், புதுசே வா!

வெண்ணெய் போல வழிந்தது மரம். சடையன் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த குழி மேடேறிச் சமமானது. பலகை கண்ணாடியாய் மின்னியது. சுருளைக் கோணியில் போட்டாள். போடும்போது ஒரு கைப்பிடி எடுத்து அடுப்பு மூலையில் செருகினாள். காய்ந்த மரச்சுருளைக் கண்டால் எந்தப் பெண்பிள்ளைக்குத்தான் அடுப்பு நினைவு வராது? அள்ளிக்கொண்டு போகிறவனுக்கு ஒரு பிடி குறைந்தால் என்ன தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

சாயங்காலம் சடையன் வந்தான். பலகையின் நுனியில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தான். சோற்றைத் தின்றுவிட்டு, "சாப்பாடு நல்லா இருந்துச்சும்மா" என்றான். பலகைக்கு வந்த மவுசைப் பார், ஆளே மரியாதை கற்றுக்கொண்டான் என்று வேலம்மை பூரித்துப்போனாள்.

இரண்டாம் நாள் அரிவாள்மணைப் பலகையை இழைத்தாள்.

சர்ர் சர்ர், பழசே போ!
சர்ர் சர்ர், புதுசே வா!

பத்து வருசமாக அவள் காலை மடக்கி அழுத்திய தடம் போனது. முடித்துவிட்டுக் கையைப் பார்த்தாள். உள்ளங்கைக் காய்ப்பெல்லாம் உதிர்ந்து, பிறந்த குழந்தையின் கை மாதிரி இருந்தது. சந்தோசப்பட்டாள். அன்றைக்குக் குழம்புக்கு எதை முதலில் போடுவது என்றே அவளுக்கு நினைவில்லை. வெயிலில் தலை கிறுகிறுத்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் வாசல் நிலை. எட்டுக் கோடு, ஒன்றின் கீழ் ஒன்று. மேலேயிருந்து தொடங்கினாள்.

சர்ர் சர்ர், பழசே போ!

வெளியே விளையாடிக்கொண்டிருந்த தவமணி கூப்பிட்டாள். "அம்மா, பாவாடை இடுப்பிலே நிக்க மாட்டேங்குது."

"முடிஞ்சு கட்டிக்கடி. வேலையா இருக்கேன்."

சர்ர் சர்ர், புதுசே வா!

"அம்மா, மரத்துக் கிளை எட்ட மாட்டேங்குது."

"எட்டாட்டி விட்டுடு. உசிரை வாங்காதே."

சர்ர் சர்ர், பழசே போ!

"ம்மா... ம்மா..."

"இந்தா வந்துட்டேன், இன்னும் ஒரே ஒரு கோடுதான்."

சர்ர்.

நிலை தந்தமாய் வழுவழுத்தது. வெளியே சத்தமில்லை. விளையாடப் போயிருப்பாள் என்று வேலம்மை நினைத்தாள்.

உச்சிவேளைக்கு மந்திரவாதி வந்தான். இழைப்புளியை வாங்கி இடுப்பில் செருகினான். கோணியின் வாயைப் பிடித்துத் தரையில் இழுத்தான். "ஒரு சுருள்கூட மிச்சமில்லையே தாயே?"

"இல்லீங்க."

அவன் போனான். பிள்ளை பசியோடு வருவாளே என்று வேலம்மை உலையை வைத்தாள். மூலையில் செருகிய சுருளை அடுப்பில் போட்டுப் பற்ற வைத்தாள். சுருள் எரிந்தது. மரம் எரிகிற வாசனை வரவில்லை. ஆற்றுத் தண்ணீர் வாசனை வந்தது. கல்யாண மாலை வாசனை வந்தது. நெருப்புக்குள்ளிருந்து சடையன் பேசினான்.

"பெண் பார்க்க வந்த அன்னிக்கு நீ சிரிச்சே வேலம்மை. உங்கப்பா முறைச்சாரு. நான் பயந்து பலகாரத்தைக் கீழே போட்டேன். வேலம்மை, சுடுது... எடு புள்ளே, எடு..."

வேலம்மை கையை விட்டு அள்ளினாள். பிஞ்சுத் தோல் பொசுங்கியது. கையில் வந்தது சாம்பல்.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. மரத்தில் இருந்தது பழசு இல்லை. அவர்கள் இருந்த இருப்பு. "தவமணீ!" என்று வாசலுக்கு ஓடினாள். நிலைக்கு வெளியே ஒரு பாவாடை கிடந்தது. முடிச்சுப் போட்ட பாவாடை. உள்ளே ஒன்றுமில்லை.

சடையன் ஆற்றிலிருந்து வந்தான்.

"ஏங்க, நம்ம புள்ளையைக் காணோம்!"

"எந்தப் புள்ளை? யாரும்மா நீ? இது யார் வீடு?"

வேலம்மை அழவில்லை. அழுதால் நேரம் போய்விடும். அந்தப் பாவாடையை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கோணி இழுத்த தடத்தைப் பிடித்து நடந்தாள். ஒரு காடு தாண்டினாள். ஒரு பொட்டல் தாண்டினாள். ஒரு மலை தாண்டினாள். மலைக்கு அந்தப் பக்கம் மந்திரவாதியின் மாளிகை.

அப்படி ஒரு புதுசு எங்கும் பார்த்திருக்க முடியாது. தூணில் ஒரு விரல் தடம் இல்லை. தரையில் ஒரு கால் தேய்ந்த இடம் இல்லை. கூடத்தில் வரிசையாக மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரும் மரச்சுருளால் முடைந்தவர்கள். சுருளால் தாத்தாக்கள், சுருளால் மாப்பிள்ளைகள், சுருளால் பிள்ளைகள். நூறு வீட்டுச் சனம். கடைசியில் எட்டு வயது உயரத்தில் ஒரு பெண். மந்திரவாதி அதன் பக்கத்தில் மண்டியிட்டு, சுருளைக் கோத்துச் சடை பின்னிக்கொண்டிருந்தான்.

"அப்பா, வலிக்குது" என்றது சுருள்பெண். தவமணியின் குரல்.

"என் மகளைக் கொடு!" என்றாள் வேலம்மை.

மந்திரவாதி திரும்பக்கூட இல்லை. "நானா பறித்தேன்? இழைத்தது யார் கை? கட்டிக் கொடுத்தது யார்? புதுசு கேட்டாய். புதுசு கிடைத்தது. வீட்டுக்குப் போய்ப் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிரு."

வேலம்மை ஓடிப்போய் மகளைத் தூக்கினாள். தொட்ட இடம் பொலபொலவென்று உதிர்ந்தது. பயந்து கையை எடுத்தாள். சுருள்பெண் அவளை அந்நியம்போலப் பார்த்தது.

"தூக்கு, நன்றாகத் தூக்கு" என்று அவன் சிரித்தான். "பொழுது சாய்ந்தால் அவள் பெயரும் அவளுக்கு மறந்துவிடும். அப்புறம் உனக்கும் மறந்துவிடும். வலிக்காது."

வேலம்மையின் கண் அந்தக் கூடத்தைச் சுற்றியது. எங்காவது ஒரு கீறல் இருக்கிறதா, ஒரு பழசு இருக்கிறதா என்று தேடியது. சடை பின்னுவதற்காக அவன் இழைப்புளியைப் பக்கத்தில் வைத்திருந்தான். அதன் பிடியில் ஒரு குழி. கட்டைவிரல் அழுந்தி அழுந்தி விழுந்த ஆழமான குழி. எல்லாவற்றையும் இழைத்த அந்த உளியால் தன் பிடியை மட்டும் இழைத்துக்கொள்ள முடியாதே! அந்த வீட்டில் அவன் இருந்த இடம் அது ஒன்றுதான்.

பாய்ந்து எடுத்தாள். வாசலில் கருங்கல் படி. பிடியைக் கல்லில் வைத்து ஒரே இழுப்பு.

"சர்ர் சர்ர், பழசே போ!"

மந்திரவாதியின் தாடி பஞ்சாய்ப் பறந்தது. எழுந்தவன் எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் நின்றான்.

"சர்ர் சர்ர், புதுசே வா!"

அவன் கற்ற மந்திரமெல்லாம் உதிர்ந்தது. தவழ்ந்து வந்து அவள் காலைப் பிடித்தான். "வேண்டாம் தாயே! நானும் வீட்டுக்காரனாக இருந்தவன்தான். வீடு புதுசாக வேண்டுமென்று முதலில் இழைத்தது என் வீட்டைத்தான். எனக்கும் ஒரு மகள். அந்தக் குழிக்குள் அவள் பெயர் மட்டும் மிச்சமிருக்கிறது. அதை விட்டுவிடு."

வேலம்மையின் கை நின்றது. அவள் கையிலிருந்து ரத்தம் கல்லில் சொட்டியது. மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கூடத்துக்குள்ளே சுருள்பெண், "என் பேர் என்ன?" என்று பக்கத்திலிருந்த பொம்மையைக் கேட்டது.

"உன் மக பேரைச் சொல்லு. நான் நெஞ்சிலே வச்சுக்கறேன். சீக்கிரம் சொல்லு!" என்றாள் வேலம்மை.

அவன் வாயைத் திறந்தான். திறந்தபடியே இருந்தான். பெயர் வரவில்லை. இரண்டாவது இழுப்பிலேயே போயிருந்தது.

வேலம்மை கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது முறை இழுத்தாள்.

திறந்து பார்த்தபோது மந்திரவாதியைக் காணோம்; படியில் ஒரு வழவழப்பான கட்டை கிடந்தது. அதில் ஒரு ரேகைகூட இல்லை.

மாளிகை இற்று விழுந்தது. நூறு வீட்டுச் சுருளும் சுழன்று எழும்பி, கூட்டம் கூட்டமாய்ப் பறந்தன. தவமணி கடைசியாகப் பறந்தாள். வேலம்மை வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். மலை தாண்டினாள், பொட்டல் தாண்டினாள், காடு தாண்டினாள்.

வீட்டு நிலையில் எட்டுக் கோடும் இருந்தது. அதில் சாய்ந்துகொண்டு தவமணி நின்றாள்.

"எங்கம்மா போனே? பசிக்குது. அப்பா கஞ்சி காய்ச்சுறேன்னு தீய்ச்சுட்டாரு."

வேலம்மை அவளைக் கட்டிக்கொண்டாள். உதிரவில்லை. இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "மூச்சு முட்டுதும்மா!" என்று பிள்ளை கத்தியபோதுதான் விட்டாள். கையைப் பார்த்தாள். காய்ப்பு வந்திருந்தது. தீக்காயமும் இருந்தது.

சடையனுக்கும் எல்லாம் திரும்பி வந்தது, எரிந்த அந்த ஒரு பிடியைத் தவிர. சாம்பல் எங்கிருந்து பறந்து வரும்?

அவன் தலையைச் சொறிந்துகொண்டு வாசலிலேயே நின்றான். "தவமணியோட அம்மான்னு தெரியுது. நல்லவள்னு தெரியுது. ஆனா உன்னை நான் எங்கே பார்த்தேன், எப்போ கட்டினேன், ஒண்ணும் தெரியலையேம்மா. கட்டினதே தெரியாத பொம்பளை கூட ஒரே கூரைக்குள்ளே எப்படி இருக்கிறது?" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பரிசலில் படுத்துக்கொண்டான்.

ஒருநாள் போனது. இருநாள் போனது. மூன்றாம் நாள் வேலம்மையே கரைக்குப் போனாள்.

"ஏங்க, நான் செஞ்ச தப்புங்க. எரிச்சது நான்தான். நடந்ததை நான் எத்தனை தடவை சொன்னாலும் அது என் வாய்ச் சொல்லாத்தான் இருக்கும், உங்க ஞாபகம் ஆகாது. இஷ்டமிருந்தா முறையா வந்து கேளுங்க. இல்லாட்டி புள்ளையைப் பார்த்துட்டுப் போங்க. நான் தடுக்க மாட்டேன்."

சடையன் துடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை காலை வாசலில் ஆள் வந்தது. முன்னால் காத்தாயி, கையில் வெற்றிலைத் தட்டு. பின்னால் சலவை வேட்டியில் பழத்தட்டோடு சடையன்.

"ஊரெல்லாம் சிரிக்குது. ஒருத்தியை ரெண்டு தடவை பொண்ணு கேட்க வந்த நாத்தனார் இந்த ராஜ்ஜியத்திலேயே நான் ஒருத்திதான்" என்று காத்தாயி மூச்சு வாங்கினாள். "ஏய் வேலம்மை, சட்டுன்னு சம்மதம் சொல்லு. இவன் ராத்திரியெல்லாம் என் வீட்டிலே வந்து உன்னைப் பத்தியே கேட்டு உசிரை எடுக்கிறான்."

வேலம்மை மகளைப் பார்த்தாள்.

தவமணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அப்பனை மேலும் கீழும் பார்த்தாள். "மாப்பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியாது. பரவாயில்லையா அம்மா?"

வேலம்மை சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சடையன் பார்த்தான். தட்டிலிருந்த பழத்தைக் கீழே போட்டான்.

அந்த ஆவணியில் கல்யாணம் நடந்தது. தவமணிதான் மாலை எடுத்துக் கொடுத்தாள். சுருளிலிருந்து மீண்ட நூறு வீட்டுச் சனமும் வந்து சாப்பிட்டது. அவர்கள் தின்ற இலையைக்கூட எடுக்க விடாமல் வேலம்மை வெகுநேரம் அந்தப் பந்தியையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

அவர்கள் அங்கே நின்றார்கள். நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். எழுந்து போகும்போது, உட்கார்ந்த இடத்தை ஒருதரம் தடவிவிட்டுப் போங்கள்.