மவுஸும் கன்ட்ரோலரும் மோதிய ஞாயிறு

சந்தேகப்படுகிறவன் உருப்பட மாட்டான் என்பார்கள். நான் சந்தேகத்தை வைத்துத்தான் பிழைக்கிறேன். ஓசூர் பாகலூர் சாலையில் எனக்கு எலக்ட்ரானிக் சாமான்கள் பழுது பார்க்கும் கடை. "தானாவே கெட்டுப்போச்சுண்ணா" என்று யார் எதைக் கொண்டுவந்தாலும், உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். நீங்களும் இந்தக் கதையை அப்படியே சந்தேகத்தோடு கேளுங்கள்.

என் கடைக்குப் பக்கத்தில் குலசேகரனின் கம்ப்யூட்டர் கேம் சென்டர். எதிரே தஸ்தகீர் பாயின் கடை. அங்கே டிவியில் மாட்டி, கன்ட்ரோலரை இரண்டு கையிலும் பிடித்து ஆடும் கேம் கன்சோல்கள் மட்டும்தான். இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். கம்ப்யூட்டர்காரரும் கன்சோல்காரரும் இணையம் வழியே ஒரே களத்தில் மோதலாம் என்று ஒரு துப்பாக்கிச் சண்டை ஆட்டம் வந்ததும், நிஜச் சண்டை தெருவுக்கு வந்துவிட்டது.

"மவுஸ் வச்சிருக்கிறவன் மணிக்கட்டைத் திருப்பினாப் போதும், குறி மாறிடும். எங்க பசங்க கட்டைவிரலால குச்சியைத் தள்ளணும். இது நியாயமா?" என்றார் பாய்.

"அதுக்குத்தான் உங்க ஆளுக்கு ஆட்டமே கை கொடுக்குதே! குறியை எதிரி மேல அதுவே இழுத்து விடுது," என்றார் குலசேகரன்.

இரண்டும் உண்மை. ஒருவருக்கு வேகம், மற்றவருக்கு உதவி. அவரவர் கையில் இருப்பதோடு நின்றால் இரண்டு தரப்பும் சேர்ந்து ஆடலாம். நிற்பார்களா? மவுஸைக் கன்சோலில் மாட்ட ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். கன்ட்ரோலரையும் அதில் செருகி ஓரமாகப் போட்டுவிட்டால் கன்சோல் ஏமாந்துவிடும். வேகம், உதவி இரண்டும் ஒருவருக்கே கிடைக்கும். கம்ப்யூட்டரிலோ, சுவருக்கு அப்பால் நிற்பவரைக் காட்டிக்கொடுக்கும் திருட்டு மென்பொருள் உண்டு. ஆக, இரண்டு கடையையும் நான் நம்பவில்லை.

கோவையில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு எங்கள் ஊருக்கு ஒரே ஓர் இடம். பாய் தரப்பில் ஜெரோம், அந்தக் கடையே கதியென்று கிடப்பவன். போன வாரம்தான் அவனுடைய கன்ட்ரோலரில் அதிரும் மோட்டாரை மாற்றிக் கொடுத்தேன். ஆட்டத்தில் அடிபடும்போது அது கைக்குள் அதிரவில்லையென்றால் அவனுக்கு ஆட்டம் ருசிக்காதாம்.

குலசேகரன் தரப்பில் மாதங்கி. உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்ப்பவள். எதிராளி வருமுன்பே அவன் பக்கம் திரும்பிவிடுகிறாள் என்று சென்ற ஆண்டு அவள்மேல் ஒரு புகார். ஆதாரம் எதுவும் இல்லை. சந்தேகத்தின் பேரிலேயே ஓர் ஆண்டு விலக்கி வைக்கப்பட்டாள். அன்றிலிருந்து தெருவில் அவளுக்குக் கள்ளாட்டக்காரி என்று பெயர். கோவைக்குப் போவதைவிட அந்தப் பெயரைத் துடைப்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

நடுவர் நான். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆட்டம். இருவரின் செல்போனையும் வாங்கி என் டிராயரில் பூட்டினேன். இந்தக் கடைக்காரர் அந்தக் கடையில் சாட்சியாக உட்கார வேண்டும் என்று ஏற்பாடு.

"பக்கத்துல ஆள் பாத்தா எனக்குக் கை வேர்க்குதுண்ணா. டிவி தெரியட்டும். கை மறையற மாதிரி ஒரு திரை கட்டிக்கறேன்," என்றான் ஜெரோம். நானும் தலையாட்டித் தொலைத்தேன்.

மாதங்கியிடம் கேட்டதற்கு, "எனக்கு வேண்டாம்ணா" என்றாள். இவ்வளவு துணிச்சல் எதற்கு என்று அதிலும் எனக்கு ஒரு சந்தேகம்.

பத்துக்கு ஒன்பது என்று ஜெரோம் வென்றான். எல்லோரையும் என் கடைக்கு வரச் சொன்னேன். ஜெயித்தவர் தரப்பும் புகாரோடுதான் வந்தது.

"இந்தப் பொண்ணு சரியில்ல. சுவத்துக்குப் பின்னால நம்ம ஆளு வர்றான், அவன் தலை தெரியறதுக்கு முன்னாடியே அந்தப் பக்கம் திரும்பிட்டா. ரெண்டு தரம் பாத்தேன்," என்றார் பாய்.

"திரும்பறதுக்கு முன்னாடி என்ன செஞ்சா?" என்றேன்.

"ஒண்ணும் செய்யல. மூச்சைப் புடிச்சுக்கிட்டு ஹெட்போனைக் காதோட அழுத்திக்கிட்டா."

குலசேகரன் பொறுக்கவில்லை. "அண்ணா, திரைக்கு அந்தப் பக்கம் மேசை மேல போன் வைப்ரேஷன்ல உர்ர் உர்ர்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதுவும் அவன் அடிவாங்கற நேரமாப் பாத்து அடிக்குது. யாரோ வெளியில இருந்து தகவல் குடுத்திருக்காங்க!"

ஜெரோம் சிரித்துவிட்டான். "என் போன் நடுவர்கிட்டப் பூட்டிக் கிடக்கு. எந்தப் போன் அடிக்கும்?"

அவனுடைய சட்டைப்பை, பேன்ட் பை எல்லாவற்றையும் துழாவினேன். வேறு போன் இல்லை. தன் கடையில் அந்த மேசைப் பக்கம் போன் எதுவும் வைப்பதே இல்லை என்று பாய் சத்தியம் செய்தார். குலசேகரனின் முகம் சுண்டிப்போனது. மாதங்கி யாரையும் குறை சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாயும் பொய் சொல்லவில்லை, குலசேகரனும் பொய் சொல்லவில்லை. இதை மட்டும் நான் சந்தேகமில்லாமல் சொல்கிறேன். இப்போது நீங்கள் சொல்லுங்கள்: கள்ளாட்டம் ஆடியது யார்? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

விடை: ஜெரோம். குலசேகரன் கேட்ட சத்தம் உண்மை. அது போன் என்று நினைத்ததுதான் தவறு. அடிபடும்போது கன்ட்ரோலர் அதிரும். கைக்குள் இருந்தால் அந்த அதிர்வு கையோடு அடங்கிவிடும். மேசை மேல் கிடந்தால்தான் உர்ரென்று இரையும். அப்படியென்றால் அவன் கை எதைப் பிடித்திருந்தது? சாலையைக் கடந்து போய்த் திரையை விலக்கினேன். மேசைக்கு அடியில் அந்தச் சின்னப் பெட்டியும் மவுஸும் கிடந்தன. மாதங்கி சுவரைத் தாண்டிப் பார்க்கவில்லை. ஹெட்போனில் எதிராளியின் காலடிச் சத்தத்தைக் கேட்டுத்தான் திரும்பினாள். கோவைப் போட்டிக்கான அனுமதிக் கடிதத்தை அவள் கையில் கொடுத்தேன். "போன வருசமும் இதே ஹெட்போனைக் கழட்டிக் குடுத்து, நீங்களே கேட்டுப் பாருங்கன்னு சொன்னேனேண்ணா," என்றாள். போன வருடமும் நடுவர் நான்தான்.