சட்டைப்பைக்குள் ஒரு பம்பு

மங்கையம்மா என்ற துறவி ஆண்டுதோறும் சைக்கிளிலேயே ராமேசுவரம் போவார். அவருடைய ஒரே சீடர் மாசிலாமணி. குருவை விட வயதில் மூத்தவர், மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். யாரிடமும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கேட்டு வாங்காதவர். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அம்மாவோடு போகும் முதல் பயணத்துக்கு முன், மாசிலாமணி கடையில் இரண்டு பம்புகளைக் காட்டிக் கேட்டார்.

"வழிக்கு எதை வாங்கட்டும் அம்மா?"

ஒன்று நீளம், கனம். எந்தச் சைக்கிளுக்கும் சேரும். மற்றது சட்டைப்பையில் அடங்கும். ஆனால் அவருடைய கியர் சைக்கிளின் மெல்லிய வால்வுக்கு மட்டும்தான்.

"பம்பு எதுக்கு?"

"யார்கிட்டயும் போய் நிக்கக் கூடாது, அதுக்குத்தான்."

"அப்ப சின்னதே போதும்."

பரமக்குடி தாண்டியதும் மாசிலாமணியின் டயரில் காற்று குறைந்தது. சின்னப் பம்பை எடுத்தார், அடித்தார், ஏறினார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

கொஞ்ச தூரத்தில் எதிரே மீன்காரர் சந்தியாகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டியது.

"அம்மா, நல்லவேளை வந்தீங்க! வால்வு டியூப் மாத்திட்டேன், காத்துதான் இல்ல. போன வருசம் உங்களுக்கு அடிச்சுவிட்டேனே, அந்தப் பம்பு உடைஞ்சு போச்சு. மீன் தாங்காதும்மா."

மாசிலாமணி அவசரமாகப் பம்பை நீட்டினார். வாய் சேரவில்லை. அழுத்திப் பார்த்தார், திருகிப் பார்த்தார். காற்று வெளியேதான் போனது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மங்கையம்மா தன் சைக்கிளைப் பூட்டிவிட்டு மீன் சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கினார். மாசிலாமணியும் கைகொடுத்தார். வந்த வழியே திரும்பி, உச்சி வெயிலில், பரமக்குடி சைக்கிள் கடை வரை தள்ளினார்கள்.

மீன் தப்பியது. சந்தியாகு டீ வாங்கி நீட்டினார்.

மாசிலாமணியின் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு இரண்டு கைகளாலும் வாங்கிக் குடித்தார். "நல்லா இருக்குங்க" என்றார்.

சந்தியாகு போனதும் மாசிலாமணி அந்தச் சைக்கிள் கடையிலேயே பெரிய பம்பு ஒன்றை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அம்மா, இத்தனை வருசமா ரோட்டுல போறீங்க. நீங்க ஏன் பம்பே வச்சுக்கல?"

"கேட்ட இடத்துல எல்லாம் குடுத்தாங்க. வாங்கியே பழகிட்டேன்."

"அப்ப இது வேண்டாமா?"

"நல்லா சுமங்க. இத்தனை வருசமா என் டயர்ல இருந்தது ஊர்க்காரங்க காத்து. கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக் கொடுப்போம்."