பின்பக்கமாக ஒரு சுற்று

"போன உடனே, 'பழசை விடு, வீட்டுக்கு வா'ன்னுதான் சொல்றேன். கேட்டைச் சாத்திட்டு உள்ளே போயிடறா. ஒரு அப்பன் இன்னும் எவ்வளவுதான் இறங்கிப் போறதும்மா?"

காரை ஓட்டியபடி கேட்டார் தணிகைவேல். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் பூங்கோதை தன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அவரோடு பேசுவதில்லை. இப்போது அவள் நிறைமாத கர்ப்பிணி. இன்றும் அவள் இளகாவிட்டால் பேரப்பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாதே என்று பயந்துபோயிருந்தார்.

பக்கத்தில் அவருடைய ஆன்மிக குரு தாயம்மாள். வயதில் அவரைவிட மிகவும் சின்னவர். கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் அந்த அம்மாவுக்கு அவ்வளவாகக் கிடையாது.

தொப்பூரைத் தாண்டியதும் டயர் பஞ்சர்.

"இதுக்கும் இன்னைக்குத்தான் நேரம் கிடைச்சுதா!"

சலித்துக்கொண்டே இறங்கி, டிக்கியிலிருந்து புதுசாக வாங்கிய பேட்டரி ரெஞ்சை எடுத்தார். நட்டில் பொருத்தி விசையை அழுத்தினார். டகடகடகவென்று சத்தம். துருப்பிடித்துக் கிடந்த நட் இளகிவிட்டது.

கூடவே இறங்கி வந்த தாயம்மாள் வாயைப் பிளந்தார். நமக்குச் சாதாரணமாகப் படுவதெல்லாம் இந்த ஞானிகளுக்கு எப்படித்தான் அதிசயமாகத் தெரியுமோ!

"அடேயப்பா! ஏறி மிதிச்சாலும் அசையாது போல இருந்துச்சே. உங்க கை கொஞ்சம்கூட முறுக்கிக்கலையே!"

"உள்ளே ஒரு சுத்தியல் இருக்கும்மா. அதுதான் அடிச்சு அடிச்சுத் திருப்புது."

"இன்னொண்ணு கழட்டுங்க."

தாயம்மாள் அவர் மணிக்கட்டின்மேல் தன் கையை வைத்துக்கொண்டு, அந்த அதிர்வு அடங்கும்வரை கண்மூடி நின்றார்.

எல்லா நட்டையும் தளர்த்தி, ஜாக்கியில் காரைத் தூக்கி, ஸ்டெப்னியை மாட்டினார் தணிகைவேல். பிறகு மெஷினைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நட்டை விரலால் எடுத்து வைத்தார்.

"இவ்வளவு பலசாலி பக்கத்துலயே இருக்கு. எதுக்கு விரல்?"

"எடுத்ததும் மெஷினை வெச்சா கோணலா ஏறி, நட்டுக்குள்ளே சுத்தி வர்ற மரையைத் தின்னுடும்மா. அப்புறம் எந்தப் பலத்துக்கும் பிரயோஜனம் இல்லை."

"பின்னாடி திருப்புறீங்களே?"

"ஆமா, முதல்ல பின்பக்கமாத்தான் திருப்பணும். ஒரு இடத்துல டுக்குன்னு இறங்கும். நட்டோட மரையும் போல்ட்டோட மரையும் ஒண்ணையொண்ணு கண்டுக்கிற இடம் அது. அங்கேருந்து முன்னாடி திருப்புனா, தானா..."

அவர் கை நட்டின்மேலேயே நின்றுவிட்டது.

"தானா?" என்றார் தாயம்மாள்.

தணிகைவேலுக்கு மகள் சாத்திய கேட் நினைவுக்கு வந்தது. வாழ்நாளெல்லாம் செய்த வேலைதான். ஆனாலும் அடுத்த நட்டைப் புதிதாகச் செய்பவர்போல் மெதுவாகப் பின்பக்கமாகத் திருப்பினார். டுக் என்ற அந்தச் சின்ன அசைவு வந்தபோது கண் கலங்கிவிட்டது.

தருமபுரியில் மகள் வீட்டின் முன் காரை நிறுத்தினார்.

வயிற்றைத் தாங்கியபடி கேட்டருகே வந்து நின்றாள் பூங்கோதை.

"என்ன?"

"கல்யாணம் முடிஞ்ச அன்னைக்கு மாப்பிள்ளையோட நம்ம வாசல்ல வந்து நின்னே," என்றார் தணிகைவேல். "நான் வீட்டுல இல்லேன்னு உங்கம்மாவை விட்டுச் சொல்ல வெச்சேன். உள்ளேதாம்மா இருந்தேன். நீ வெயில்ல நின்னது ஜன்னல்ல தெரிஞ்சுது."

கேட்டைச் சாத்தாமல் அவள் அங்கேயே நின்றாள்.

"தெரிஞ்சுமாப்பா?"