கரடியின் பத்து நாள் விடுப்பு

மலையடிவாரக் காட்டில் ஓர் ஏரி இருந்தது. மழைக்காலத்துக்கு முன் விலங்குகள் எல்லாம் கூடி அதன் கரையை உயர்த்தும். உழைக்காதவர்களுக்குக் கோடையில் அந்த ஏரியில் தண்ணீர் கிடையாது. வேலைக்குத் தலைவி பெரியதாயி என்னும் யானை.

ஒருநாள் கல் சுமந்து வந்த மொங்கான் கரடி சறுக்கி விழுந்தது. வலது முன்னங்கால் சுளுக்கிக்கொண்டது. வைத்தியம் பார்க்கும் முள்ளம்பன்றி பச்சிலை வைத்துக் கட்டியது.

"பத்து நாள் ஓய்வெடு!" என்றது.

யானையும் விடுப்புக் கொடுத்தது.

கரடி சுமக்க வேண்டிய கற்களையும் நரியே சுமக்க வேண்டியதாயிற்று. நான்காம் நாள் மூச்சு வாங்கக் கல் சுமந்துபோன நரி, வழியில் கரடியைப் பார்த்தது. மெல்ல நொண்டியபடி, மயில்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு, இலந்தைப் பழம் தின்றுகொண்டிருந்தது கரடி!

நரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லைப் போட்டுவிட்டு யானையிடம் ஓடியது.

"அம்மா! இங்கே என் முதுகு ஒடிகிறது. அங்கே மொங்கான் ஊர் சுற்றுகிறான்! சுளுக்காவது ஒன்றாவது, எல்லாம் நடிப்பு!"

யானை கரடியை அழைத்தது. எல்லோரும் கூடிவிட்டார்கள். கரடிக்கு அவமானமாக இருந்தது. கோடையில் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

"இப்போதே கல் தூக்குகிறேன், அம்மா!" என்று குனிந்தது.

யானை தும்பிக்கையால் தடுத்தது. முள்ளம்பன்றியைப் பார்த்து, "இவன் நடக்கலாமா?" என்று கேட்டது.

"நடக்கத்தான் வேண்டும்! படுத்தே கிடந்தால் கால் விறைத்துப்போகும்."

"பழம் தின்னலாமா?"

"சுளுக்கியது கால்தானே? வாய் இல்லையே!"

எல்லோரும் சிரித்தார்கள். நரி மட்டும் முறைத்தது. "அப்படியானால் விடுப்பில் எதை வேண்டுமானாலும் செய்யலாமா?"

கரடி தயங்கியது. பிறகு தானே சொன்னது: "நேற்று ஒரு தேன்கூட்டைப் பார்த்தேன். ஆசை தாங்கவில்லை. மரத்தில் ஒரு கால் வைத்தேன். கட்டு நினைவுக்கு வந்தது. இறங்கிவிட்டேன்."

"நல்ல வேளை!" என்றது யானை. "ஏறியிருந்தால் நானே உன்னைச் சும்மா விட்டிருக்க மாட்டேன். போய் ஓய்வெடு." பிறகு நரியைப் பார்த்தது. "உனக்குச் சுமை அதிகம்தான். அதை முதலிலேயே என்னிடம் சொல்லியிருக்கலாமே! இன்று முதல் காட்டுப்பன்றி பாதியைச் சுமக்கட்டும்."

நரிக்கு மூச்சு வந்தது. "மன்னித்துக்கொள், மொங்கான். களைப்பில் உளறிவிட்டேன்" என்றது. கரடி தன் கையிலிருந்த பழங்களை அதனிடம் நீட்டியது.

பதினோராம் நாள் கரடி நொண்டாமல் வேலைக்கு வந்தது. மழைக்கு முன்பே கரை உயர்ந்துவிட்டது. ஏரியும் நிரம்பியது.

நோய்க்காக விடுப்பு எடுத்தவர் உடம்பு தேற உதவுவதை மகிழ்ச்சியாகச் செய்யலாம். தேறுவதைக் கெடுக்கும் எதையும் செய்யக்கூடாது.